பழைய மரத்தில் புது நாகசுரம், புது மரத்தில் பழைய கிட்டார்

2004 ஜூன் மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு கறுப்பு மின் கிட்டார் 9,59,500 டாலருக்குப் போனது. எரிக் கிளாப்டன் எழுபதுகளிலும் எண்பதுகளின் நடுப்பகுதி வரையிலும் மேடையில் வாசித்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. ‘பிளாக்கி’ என்று அதற்குப் பெயர். இரண்டு ஆண்டு கழித்து ஃபெண்டர் நிறுவனமே அதைப் பார்த்து 275 கிட்டார்களைச் செய்து, ஒன்று இருபதாயிரம் டாலரை ஒட்டிய விலையில் விற்றது. உடலில் எங்கே சாயம் தேய்ந்திருந்ததோ அங்கே தேய்த்தார்கள். எங்கே கீறல் இருந்ததோ அங்கே கீறினார்கள். கிளாப்டன் வாசிக்கும்போது எரியும் சிகரெட்டைக் கிட்டாரின் தலைப்பகுதியில் கம்பி முனையில் செருகி வைப்பார். அதனால் பட்ட சூட்டுத் தழும்பையும் 275 தலைகளிலும் போட்டார்கள். வாழ்நாளில் சிகரெட்டே தொடாதவர் வாங்கிய கிட்டாரிலும் அந்தச் சூடு இருக்கும்.

இதில் சிரிக்க இன்னொன்றும் உண்டு. பிளாக்கி ஒரே ஆலையில் ஒரே நாளில் பிறந்த கிட்டார் இல்லை. 1970இல் நாஷ்வில் நகரத்துக் கடை ஒன்றில் அதிகம் பேர் சீந்தாமல் கிடந்த 1950களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைக் கிளாப்டன் மலிவாக அள்ளிவந்தார். சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதி மூன்றைப் பிரித்து, ஒன்றின் உடலையும் இன்னொன்றின் கழுத்தையும் வேறொன்றின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்களையும் சேர்த்து ஒன்றாக்கினார். அசல் என்று ஏலத்தில் போனதே ஒரு கூட்டுவேலை.

அசல் எது என்ற கேள்வி நம் ஊரிலும் பழையது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் முறைக்காக அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் போகும் பெயர் ஒன்று அங்கே உண்டு: பொன் வாரியம். ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம், தோட்டத்தைக் கவனிக்க ஒரு வாரியம் என்று வைத்த ஊர்ச் சபை, பொன்னுக்கும் தனியாக ஒரு வாரியம் வைத்திருந்தது. பொன்னுக்கு உரைகல் உண்டு. உரைத்துப் பார்த்தால் மாற்று தெரிந்துவிடும். இசைக் கருவியை எந்தக் கல்லில் உரைப்பது?

உத்திரமேரூர் வட்டாரத்துத் திருவிழாக்களில் சாமி புறப்பாட்டுக்கு நாகசுரம் ஒலிக்கும். புறப்பாடு முடிந்த பிறகு மெல்லிசைக் கச்சேரி மேடையில் மின் கிட்டார் ஒலிக்கும். இரண்டையும் ஒரே இரவில் கேட்பவர்களுக்கு அவை தூரத்துக் கருவிகள் இல்லை. இரண்டு தரப்பிலும் ஒரே பேச்சு அடிபடுவதையும் கவனிக்கலாம்: “பழைய மரத்து நாதம் புதுசுல வராது.” இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று பார்க்க இரண்டு கருவிகளையும் அருகருகே வைப்பது உதவும். ஏனென்றால் பழமையை இவை எதிரெதிர்த் திசையிலிருந்து அணுகுகின்றன.

முதலில் கிட்டார். லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கட்டைக் கிட்டார்தான் மறு ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. கழுத்தைப் பசையால் ஒட்டாமல் திருகாணியால் பொருத்தினார். கெட்டுப்போனால் கழற்றி மாற்றிவிடலாம் என்பதுதான் காரணம். 1956 வாக்கில் உடலுக்கு ஆஷ் மரத்திலிருந்து ஆல்டர் மரத்துக்குப் பெரும்பாலும் மாறினார்கள். அந்த மாற்றத்துக்குப் பின்னாலும் கிடைக்கும் வசதி, வேலை எளிமை, விலை எல்லாம் இருந்தன. இன்று இந்த முடிவுகள் ஒவ்வொன்றும் ஆகம விதிபோலப் படிக்கப்படுகின்றன. எந்த ஆண்டில் எந்த மரம், எந்த மாதத்தில் எந்தத் திருகு என்று புத்தகம் புத்தகமாக எழுதப்பட்டிருக்கிறது. அன்று ஆலையின் வேலை மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வெறும் அன்றாடச் சிக்கனம்.

கிப்ஸன் நிறுவனத்தின் கதை இன்னும் விசித்திரம். 1952இல் வந்த லெஸ் பால் கிட்டாருக்கு 1958 முதல் 1960 வரை செவ்வந்தி நிறம் சிவப்பில் கரையும் பூச்சு போட்டார்கள். விற்கவில்லை. மூன்று ஆண்டில் செய்தது ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு என்பது பொதுவான மதிப்பீடு. பிறகு அந்த வடிவத்தையே கைவிட்டார்கள். 1966இல் ஜான் மேயலின் குழுவோடு கிளாப்டன் வாசித்த இசைத்தட்டு வந்த பிறகுதான், கடையில் தூசி படிந்த அந்தக் கிட்டாரை ஊரெல்லாம் தேடத் தொடங்கியது. 1968இல் கிப்ஸன் மறுபடியும் அந்த வடிவத்தைச் செய்ய ஆரம்பித்தது. நிறுவனம் தோல்வி என்று ஒதுக்கியதை வாசிப்பவர்கள் கொண்டாடியதால், அந்த 1959 கிட்டாரின் ‘சரியான’ உருவம் எது என்பதை முடிவு செய்யும் உரிமையும் வாசிப்பவர்களிடம் போய்விட்டது.

அந்தச் சரியான உருவம் ஒன்றே ஒன்றாக இருந்ததா என்றால், இல்லை. மின் கிட்டாரில் நாம் கேட்பது முதன்மையாகக் கம்பியின் அசைவை மின்னலையாக மாற்றும் பிக்கப்பின் வேலை: ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைப்போல மெல்லிய செம்புக் கம்பி. கிப்ஸனில் சேத் லவர் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு 1955இல் காப்புரிமை விண்ணப்பம் போனது. 1959இல் உரிமம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது’ என்ற சீட்டை ஒட்டினார்கள். இன்றைய சேகரிப்பாளர்களுக்கு அந்தச் சீட்டு திருநீறுபோல. உரிமம் கிடைத்து எண்ணை அச்சடித்தபோது, கிட்டாருக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பாலின் பழைய கம்பித்தாங்கிக்குக் கிடைத்த வேறொரு காப்புரிமையின் எண்ணை அச்சடித்தார்கள். தவறா, போட்டியாளரை அலைக்கழிக்கும் தந்திரமா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

அந்தப் பிக்கப்களுக்குச் சுருள் சுற்றும்போது ஏறத்தாழ 5,000 சுற்று என்பது இலக்கு. ஆனால் எந்திரத்தை நிறுத்தியவர் கையில்தான் முடிவு இருந்தது. ஒன்றின் மின்தடை 7 கிலோ ஓம் இருக்கும், பக்கத்தில் கிடப்பது 9க்கு நெருங்கும். காந்தத்திலும் கையில் கிடைத்த ரகத்தைப் போட்டார்கள். எனவே 1959இன் இரண்டு லெஸ் பால்களைப் பக்கத்தில் வைத்தால் அவை ஒன்றுபோல ஒலிக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘59இன் ஒலி’ என்ற சொல்லே சில இசைத்தட்டுகளின் வழியாகக் காதில் தங்கிய ஒரு சராசரி. பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததால் இரண்டும் சேரும்போது ஒலி மூக்கடைத்ததுபோல மெலிந்து வரும். அந்தக் கிட்டார் கேரி மூரிடம் போய், பிறகு மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம் வந்தது. 2023இல் கிப்ஸன் அதைப் பார்த்துச் செய்தபோது அந்தப் பிழையையும் சேர்த்தே செய்தது. ஒரு கிட்டாரின் கோளாறு, அடுத்த தலைமுறைக் கிட்டாரின் விவரக்குறிப்பில் ஒரு வரியாகிவிட்டது.

மறு ஆக்கம் என்ற தொழிலை முதலில் தீவிரமாக எடுத்தவர்கள் அசல் நிறுவனங்கள் இல்லை. 1965இல் ஃபெண்டரைச் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிய பிறகு தரம் இறங்கியது என்ற முணுமுணுப்பு வளர்ந்தது. அந்த இடைவெளியில் டோக்காய், கிரெக்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் பழைய கிட்டார்களை அங்குலம் அங்குலமாக அளந்து செய்யத் தொடங்கின. அசல் நிறுவனத்தின் புதுக் கிட்டாரைவிட ஜப்பானியப் போலி பழைய அசலுக்கு நெருக்கமாக இருந்த காலம் அது. 1982இல்தான் ஃபெண்டர் தன் பழைய அளவுகளுக்குத் திரும்பி 1952, 1957, 1962ஆம் ஆண்டுக் கிட்டார்களை மறுபடி செய்தது. அதே ஆண்டு ஜப்பானிலும் தன் பெயரில் கிட்டார் செய்விக்க ஒரு கூட்டு நிறுவனத்தை ஆரம்பித்தது.

அந்த மறு ஆக்கங்களில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது இரண்டு சின்ன விஷயங்கள். 1950களில் கிட்டாரின் மூன்றாம் கம்பி மேலே இழை சுற்றப்பட்டதாக இருந்தது. அதன் ஒலி கொஞ்சம் மந்தம். அதைச் சரிக்கட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் அந்தக் கம்பிக்குக் கீழே உள்ள காந்தக் குச்சியை மற்றவற்றைவிட உயர்த்தி வைத்தார்கள். பிறகு வந்த வாசிப்பாளர்கள் வளைத்து வாசிக்க வசதியாக வெறும் எஃகுக் கம்பிக்கு மாறினார்கள். இப்போது அந்த உயர்ந்த குச்சியால் மூன்றாம் கம்பி மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கும். நேர்மையான மறு ஆக்கம் அந்த உயரத்தை அப்படியே வைத்திருக்கிறது. என்றோ இருந்த ஒரு சிக்கலுக்குச் சொன்ன தீர்வை, சிக்கல் போன பிறகும் நகலெடுக்கிறார்கள். இரண்டாவது, பிக்கப்களைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச். அசலில் அதற்கு மூன்று நிலைதான். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவே இழுத்து நிறுத்தி ஒரு புது ஒலியைக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் 1977இல் ஐந்து நிலை சுவிட்சைக் கொண்டுவந்தது. மறு ஆக்கத்தில் வரலாற்றுக்கு மரியாதை செய்ய மூன்று நிலை சுவிட்சைப் பொருத்திவிட்டு, மாற்றிக்கொள்ள ஐந்து நிலை சுவிட்ச் ஒன்றைப் பெட்டிக்குள் தனியாக வைத்துக் கொடுத்தார்கள். சரித்திரமும் வாசிப்பவரும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு நிறுவனம் செய்யக்கூடிய சமரசம் அது.

1995இல் ஃபெண்டர் இன்னும் ஒரு படி போய், புதுக் கிட்டாரைப் பழசாக்கி விற்க ஆரம்பித்தது. மிசூரியில் வின்ஸ் குனெட்டோ என்ற கைவினைஞர் உடலையும் கழுத்தையும் தேய்த்து, கீறி, வெடிக்கவைத்துக் கொடுத்தார். கிப்ஸனில் டாம் மர்ஃபி இதே வேலையில் பெயர் பெற்றவர். 2021 முதல் அவர் பெயரிலேயே ஒரு பிரிவு நடக்கிறது. பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு குளிரும் வெப்பமும் மாறி மாறிப் படும்போது மெல்லிய கோடுகளாக வெடிக்கும். 1958–60 லெஸ் பாலில் போட்ட சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்து, ஒவ்வொரு கிட்டாரையும் ஒவ்வொரு நிறமாக்கியது. எலுமிச்சை மஞ்சளிலிருந்து தேநீர் நிறம்வரை. இந்த வெளுப்பையும் பெயர் வைத்து, அட்டவணை போட்டுத் திரும்பச் செய்கிறார்கள். மரத்தைக்கூட விடவில்லை. ஆக்சிஜன் குறைந்த உலையில் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் மரத்தின் ஈரம் பிடிக்கும் பகுதிகள் சிதைந்து, பல பத்தாண்டுகள் காய்ந்த மரத்தின் தன்மை சில மணி நேரத்தில் வந்துவிடும் என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். சுட்ட மரம் ஈரத்துக்கு அதிகம் ஊதாது, சுருங்காது.

மரம் என்று வரும்போது இந்தக் கதை நம் மலைக்கு வந்துவிடுகிறது. 1959 லெஸ் பாலின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். அறுபதுகளில் பிரேசில் தன் மரத்தை உருட்டாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியதும் உலகக் கிட்டார் தொழில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்குத் திரும்பியது. நூறாண்டுக்கு மேல் பெயர் பெற்ற மார்ட்டின் நிறுவனம் 1969 முடிவில் மாறியது. 1992இல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் பிரேசில் மரத்தை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்த பிறகு, மறு ஆக்கங்களின் விரல்பலகை பெரும்பாலும் நம் ஈட்டிதான். நீலகிரியில் தோதகத்தி என்றும் சொல்வார்கள். ஊட்டி பங்களாக்களின் மேசையிலும் அலமாரியிலும் ராஜமரியாதையோடு இருந்த மரம், கிட்டார் விற்பவரின் குறிப்பேட்டில் “அசல் கிடைக்காததால் இந்திய ரோஸ்வுட்” என்ற மன்னிப்புத் தொனியில் வருவது கொஞ்சம் கோபமூட்டும் வேடிக்கை.

தமிழ்நாட்டில் தனியார் நிலத்து ஈட்டியை வெட்டவும் அனுமதி வேண்டும் என்று 1994இல் தனிச் சட்டமே வந்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸனின் நாஷ்வில், மெம்ஃபிஸ் ஆலைகளில் புகுந்து இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளைப் பறித்துப் போனார்கள். கேள்வி, அந்தப் பலகைகள் இந்தியச் சட்டப்படி ஏற்றுமதிக்கு உரிய அளவுக்குச் செதுக்கப்பட்டவையா என்பது. மறு ஆண்டு உடன்பாட்டில் கிப்ஸன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அதில் ஒப்புக்கொள்ளப்பட்ட தவறு மடகாஸ்கர் கருங்காலி பற்றியது. இந்திய மரம் திருப்பித் தரப்பட்டது. 2017 ஜனவரியில் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு வந்தது. கச்சேரிக்குப் போகும் கலைஞர்கூடக் கருவிக்குச் சீட்டுக் காட்ட வேண்டுமா என்ற குழப்பம் எழுந்து, 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

இவ்வளவு சண்டைக்குப் பின்னால் இருக்கும் மரம் காதுக்கு எவ்வளவு தெரிகிறது? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேராகவே சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரே கைவினைஞர், ரோஜர் பக்னல், ஆறு கிட்டார்களை ஒரே அளவில் செய்தார். பின்பலகை, பக்கப்பலகை மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் ரோஸ்வுட்டும் நம் ஈட்டியும் அவற்றில் உண்டு, மலிவான மரங்களும் உண்டு. 52 கிட்டார் கலைஞர்கள் எது எந்த மரம் என்று பார்க்க முடியாத நிலையில் வாசித்தார்கள். மதிப்பெண்களில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இது காற்றில் ஒலிக்கும் மரக் கிட்டாரின் சோதனை. உடல் அதிர்வைக் காட்டிலும் காந்தத்தை நம்பும் மின் கிட்டாரில் விரல்பலகை மரத்தின் பங்கு இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நம்பக் காரணம் எனக்குத் தெரியவில்லை. வயலினிலும் இதே கதைதான். கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் 2010இல் இண்டியானாபொலிஸ் விடுதி அறை ஒன்றில் 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மோவாய்த் தாங்கியில் வாசனைத் தைலம் தடவி, மூன்று புது வயலின்களையும் ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட மூன்று பழைய வயலின்களையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு எதை எடுத்துப் போவீர்கள் என்ற கேள்விக்கு 13 பேர் புதுசைக் காட்டினார்கள்.

ஆக, பழைய மின் கிட்டாரில் கேட்கும் அளவுக்கு இருப்பது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே மேசையில் முடிவானது: எத்தனை சுற்று, எந்தக் காந்தம், கழுத்தின் தடிமன், பிக்கப் இருக்கும் இடம். ஐம்பது ஆண்டு வயது சேர்த்தது முக்கியமாகக் கண்ணுக்கும் கைக்கும். தேய்ந்த கழுத்து கையில் வழுக்கிப் போகும் சுகம் பொய் இல்லை. வாசிப்பை அது மாற்றவும் செய்யும். ஆனால் அதை ஒலி என்று சொல்லி விற்கிறார்கள்.

இனி நரசிங்கம்பேட்டைக்குப் போகலாம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், திருவிடைமருதூர் வட்டத்தில் உள்ள ஊர். அங்கே செய்யும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிட்டார் தொழிலைத் தலைகீழாக்கிப் பார்த்தால் நரசிங்கம்பேட்டை தெரியும். அங்கே புது மரத்தைப் பழசாக்குவது இல்லை. பழைய மரத்தைத் தேடிப் போகிறார்கள். உலவு என்ற நீண்ட குழலைக் கடைவது ஆச்சா மரத்தில். தண்ணீரில் மூழ்கும் கனமுள்ள மரம். அதையும் காட்டிலிருந்து புதிதாக வெட்டி வந்தால் உதவாது. எழுபது, நூறு ஆண்டு ஒரு வீட்டின் உத்தரமாகவோ தூணாகவோ இருந்து இறக்கிய மரம்தான் வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கம் பழைய ஓட்டுவீட்டை இடித்தால் பனங்கையும் தூணும் நிலைக்கதவும் முதல் வேலையாகப் பழைய மரக்கடைக்குப் போகும். அங்கிருந்து கடற்கரைச் சாலை விடுதிகளின் முகப்புக்கு. டெல்டாவில் இடிக்கும் வீட்டின் ஒரு துண்டுக்குக் குழலாகும் வாய்ப்பாவது உண்டு.

மரம் பழையது, ஆனால் வடிவம் பழையது இல்லை. இதைத்தான் புவிசார் குறியீட்டுப் பேச்சில் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். முன்பு வழக்கில் இருந்தது திமிரி, குட்டையானது, சுருதி உயர்ந்தது. அதில் சுத்த மத்தியமம் என்ற ஸ்வரம் தானாக நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் பிடித்து நிறுத்த வேண்டும் என்பார்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) அது போதவில்லை. நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரியோடு உட்கார்ந்து, நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து உருவானதுதான் பாரி நாகசுரம். சுருதி இறங்கியது, மத்தியமம் நின்றது. 1950களின் நடுவில், ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிறந்த அதே காலத்தில், காவிரிக் கரையிலும் ஒரு கருவி மறுபடி பிறந்தது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே மாற்றத்தைக் கேட்டவர் அக்கருவியின் ஆகப் பெரிய கலைஞர். செய்தவர் காதால் கேட்டுச் செய்தவர். இன்று ‘அசல் நரசிங்கம்பேட்டை நாகசுரம்’ என்று பெருமையோடு சொல்லப்படுவதில் பெரும்பகுதி அந்த மாற்றத்தின் பிள்ளை. திமிரியைத் தெய்வமாக்கி அளவெடுத்து நகல் செய்துகொண்டிருந்தால் பாரி வந்திருக்காது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸும் (1969–2014) இதையேதான் செய்தார். எட்டுக் கம்பி மேலைநாட்டு மாண்டலினில் கமகம் நிற்காது என்று இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, மின் மாண்டலினுக்கு மாறி, பிறகு ஐந்தாம் கம்பி சேர்த்தார். அமெரிக்கக் கிட்டார் சேகரிப்பாளர் பார்வையில் அது அசலைக் கெடுத்த வேலை. நமக்கு அதுதான் அசல்.

ஆச்சா மரத்துக்குத் திரும்புவோம். பழைய உத்தரம் வேண்டும் என்ற ஆசாரிகளின் பிடிவாதத்தில் அறிவியல் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் வழக்கமாகச் சொல்லும் இடத்தில் இல்லை. ஊதுகுழலில் அதிர்வது குழலுக்குள் இருக்கும் காற்று, சுவர் இல்லை. ஜான் கோல்ட்மன் 1971இல் வெள்ளி, செம்பு, மரம் என்று மூன்றில் ஒரே உள்ளளவுள்ள புல்லாங்குழல்களைச் செய்து, பார்க்க முடியாதபடி வாசித்துக் காட்டினார். கேட்டவர்களாலும் வாசித்தவர்களாலும் பிரிக்க முடியவில்லை. இவ்வளவு தூரம் போவானேன்? நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்திலேயே கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் கல் நாகசுரம் இருக்கிறது. ஆழ்வார்திருநகரியிலும் ஒன்று உண்டு. கனம் கையை ஒடிக்கும். ஆனால் ஊதினால் நாகசுரமாகத்தான் ஒலிக்கும்.

ஆனால் கல்லுக்கும் மரத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு: மரம் அசையும். நாகசுரத்தின் உட்புறம் மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. புறப்பாட்டில் மணிக்கணக்கில் ஊதும்போது உள்ளே வாய் ஈரம் இறங்கும். மறுநாள் சித்திரை வெயில். ஈரத்துக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் இளமரத்தில் வட்டமான துளை நீள்வட்டமாகும்; கூம்பு கோணும்; விரல் துளைகளின் விளிம்பு நகரும். கூம்பு ஒரு மயிரிழை மாறினாலும் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு பொருந்தாமல் போகும். சமையற்கட்டுப் புகையிலும் மழைக்காலக் கசிவிலும் நூறாண்டு அசைந்து முடித்த உத்தரம் இனி அதிகம் அசையாது. உள்ளளவை ஆசாரி எப்படிக் கடைந்தாரோ அப்படியே வைத்திருக்கும். பழைய மரம் நாதத்தைப் பிறப்பிப்பது இல்லை. ஆசாரி போட்ட நாதத்தைக் காவல் காக்கிறது. கிட்டார்காரர்கள் மரத்தைச் சுடுவதிலும் பயன் தருவது இந்தப் பகுதிதான். கழுத்து வளையாது. ‘59இன் ஒலி’ அதிலிருந்து வராது.

இதைச் சோதிப்பது கடினம் இல்லை. திருவையாறு இசைக் கல்லூரி போன்ற இடத்தில் ஒரே ஆசாரி கையால் ஆறு நாகசுரம்: இரண்டு பழைய உத்தரத்தில், இரண்டு புதிதாய் வெட்டி உலர்த்திய ஆச்சாவில், இரண்டு சுட்ட மரத்தில். செய்து முடித்த வாரத்தில் ஒரு முறை, இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு முறை வாசிக்க வைக்க வேண்டும். என் கணிப்பு: முதல் முறை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாம் முறை புது ஆச்சா தடுமாறும். சுட்ட மரம் பழைய உத்தரத்துக்குப் பக்கத்தில் நின்றால், இடிக்க வீடு கிடைக்காத காலத்துக்கு ஆசாரிகளுக்கு ஒரு வழி இருக்கிறது.

சிக்கல் ஒன்றே ஒன்று, அது வாயில் வைத்து ஊதும் சீவாளி. நாகசுரக்காரர் ஒவ்வொருவரும் கொத்தாகச் சீவாளிகளைக் கோத்து வைத்திருப்பார். அன்றைய வெயில், உதட்டின் நிலை, சுருதி பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நாணல் தட்டையில் ஒரு சுரண்டல் கூடினால் மாறும் ஒலி, மரத்தை மாற்றினால் வருவதைவிட அதிகம். எனவே ஆறு கருவிக்கும் ஒரே சீவாளியைக் கட்டாயமாக்கினால் கலைஞர் அவர் இயல்பில் வாசிக்க மாட்டார்; அவரவர் விருப்பத்துக்கு விட்டால் கருவிகளுக்கு இடையே உள்ள குறையைச் சீவாளி மாற்றியே அவர் சரிக்கட்டிவிடுவார். முதல் நாள் அவர் எந்தக் கருவிக்கு எத்தனை முறை சீவாளி மாற்றினார் என்று எண்ணுவதுதான் மதிப்பெண் கேட்பதைவிட நம்பத்தக்க அளவாக இருக்கும்.